மஞ்ச மண்டைக்குப் பாட்டுக் கட்டியவர்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்து வளர்ந்தவள். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த குவார்ட்டர்ஸ் அவருடையது. நடுவில் ஒரு வேலி. அந்த வேலியின் மேல் எந்நேரமும் அவருடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும். ஊதா, கிளிப்பச்சை, வெங்காயத்தோல் நிறம், பெயரே தெரியாத இன்னும் பல நிறங்கள். எங்கள் வீட்டுக் கொடியில் அப்பாவின் காக்கியும் வெள்ளை பனியனும் மட்டும்தான் தொங்கும். இரண்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உள்ளே வந்து பார்க்க வேண்டியதில்லை, கொடியைப் பார்த்தாலே போதும்.

முதல் ஷிப்ட் பஸ் எங்கள் பிளாக் முனையில் வந்து நிற்கும். காக்கி யூனிபார்மும் கையில் டிபன் கேரியருமாக அரைத்தூக்கத்தில் நிற்கிற கூட்டத்தில் அந்த அடுத்த வீட்டு மாமா மட்டும் எலுமிச்சை நிறச் சட்டை, கத்தி மடிப்பு பேண்ட், சட்டைப் பையில் சீப்பு, கண்ணில் கூலிங்கிளாஸ் என்று நிற்பார். அவருக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. அங்கே போனதும் அந்த எலுமிச்சை நிறத்தைக் கழற்றி ஹாங்கரில் மாட்டிவிட்டு, எல்லாரையும் போல அதே காக்கியைப் போட்டுக்கொண்டு, அதே மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு, ஷிப்ட் முடிகிறவரை நிலக்கரித் தூசியில் நிற்க வேண்டும். ஆக, போகிற அரை மணி, வருகிற அரை மணி. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும்.

"யாருக்குய்யா காட்டப் போற? நெலக்கரிக்கா?" என்று என் அப்பா கேட்பார். இருவரும் ஒரே கேங், ஒரே பஸ், ஒரே சீட்.

"பூமிக்குள்ள எறங்கறவன் பளிச்சுனு எறங்கணும்பா. அதுவா இருட்டிகினு கெடக்குது, நாமளும் மங்கலா போய் நின்னா அதுக்கு எப்டி இருக்கும்?"

அதற்குப் பதிலை அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் சொல்வார். "மினுக்கிப் பய. துணி மானத்த மறைக்கத்தான? அதுல என்ன பளிச்சு?" அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வீட்டில் ஒரு கண்ணாடி இருந்தது, குளியலறைக்கு வெளியே, ஓரத்தில் ரசம் போனது. அதன் முன்னால் அவர் நின்றது முகச்சவரம் செய்ய மட்டும்தான். சவரம் முடிந்த அடுத்த நொடி முதுகைத் திருப்பிக்கொள்வார்.

'பளிச்சு' என்பது மாமாவின் சொல். எங்கள் பிளாக்கில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் 'பளிச்சு மாமா' என்று கூப்பிடும். உலகத்தையே அவர் அந்த ஒரு சொல்லால்தான் அளந்தார். புதுப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தால், "பொண்ணு பளிச்சுனு இருக்குது, மாப்ளதான் கொஞ்சம் தொடச்சி வெக்கணும்" என்பார். சாம்பாரைக் கூட அத்தையிடம் அப்படித்தான் சொல்வார். "இன்னிக்கு பளிச்சே இல்லியே." அத்தை கரண்டியோடு வாசலுக்கு வந்து, "பவுடர் போட்டு எடுத்துகினு வரட்டுமா?" என்று கேட்பாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

தன்னோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அடுத்தவர் மங்கலாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. படிப்பை முடித்துவிட்டு பண்ருட்டியில் ஒரு முந்திரி ஏற்றுமதிக் கம்பெனிக்கு இண்டர்வியூவுக்குக் கிளம்பினேன். கேட்டைத் திறக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, யாருக்காவது ஒடம்பு சரியில்லியா?"

"இண்டர்வியூ மாமா."

"இந்த டிரெஸ்ஸுலயா? இத பாத்தா அவன் வேல குடுக்க மாட்டான், லீவு குடுப்பான். போய் அந்த மயில்கழுத்துக் கலரு சுடிதார் இருக்குதே, தீபாவளிக்கு எடுத்தது, அத்த போட்டுகினு வா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். "பஸ்ஸு ஆயிரம் வரும்" என்றார். கத்தினேன். அசையவில்லை. மாற்றிக்கொண்டு வந்தேன். துப்பட்டாவில் குத்தியிருந்த பின் வெளியே தெரிகிறது என்று அதையும் உள்ளே தள்ளிக் குத்த வைத்தார். பஸ் போய்விட்டது. தன் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்கார வைத்து, இந்திரா நகர் தாண்டி மெயின் ரோட்டில் அந்தப் பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டார். இப்போதும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறேன். வேலை கிடைத்ததற்கு என் மார்க் காரணம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அவர் இன்றுவரை மயில்கழுத்துதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

துக்க வீட்டில் கூட அவர் மாறவில்லை. கூட வேலை பார்த்த ஒருவர் திடீரென்று தவறிவிட்டார். எல்லாரும் கசங்கிய வெள்ளையில் போய் நிற்க, இவர் இஸ்திரி போட்ட மெரூன் கலர் சட்டையில் பெரிய ரோஜா மாலையோடு போய் நின்றார். ஆளாளுக்கு முறைத்தார்கள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "இங்கயுமாய்யா?" என்று கேட்டார்.

"இருவது வருசமா என்ன பளிச்சுனு பாத்தவன்பா. கடைசியா பாக்கறப்ப நான் ஏன் அழுக்கா நிக்கணும்?" என்று சொல்லிவிட்டு, குழந்தை போல அழுதார். சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரை யாரும் முறைக்கவில்லை.

இப்படிப்பட்டவர் புள்ளிங்கோக்களைப் பார்த்தால் என்ன ஆவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெயின் பஜார் ஜூஸ் கடைக்கு எதிரில் அவர்கள் வண்டிகளோடு நிற்பார்கள். பக்கத்து ஊரான வடக்குத்துப் பையன்கள், சுற்று வட்டாரப் பையன்கள், டவுன்ஷிப்பில் சில வீட்டுப் பிள்ளைகள். பாதிப் பேருடைய அப்பன்மார்கள் மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. தலையின் இரண்டு பக்கமும் ஒட்ட மழித்து, மேலே மட்டும் கொத்தாக விட்டு, அதற்குப் பொன் மஞ்சளாகச் சாயம் ஏற்றியிருப்பார்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கிற பேண்ட். எதிரே வருகிறவனுக்குத் தன் முகம் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி. அவர்களைத் தூரத்தில் பார்த்தாலே குடும்பஸ்தர்கள் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். என் அப்பா முதல் ஆளாகக் கடப்பார்.

மாமாவும் எங்களோடு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கடந்தார். நானும் அம்மாவும் பின்னால் கடந்தோம். மாமா கடக்கவில்லை. நேராக அந்தக் கும்பலுக்குள் போனார். கலை என்று ஒரு பையன், டூவீலர் ஒர்க்ஷாப்பில் வேலை, இருப்பதிலேயே பெரிய மஞ்சள் கொத்து அவன் தலையில்தான். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்னா சார்? என்னா பாக்கற?" என்று பையன் முறைத்தான். மற்றவர்கள் வண்டியிலிருந்து இறங்கினார்கள். எதிர்ப் பக்கத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு வெட்டனது?" என்றார் மாமா.

"ஏன், உனக்கு என்னா?"

"காதுமேல கோடு போட்டுருக்கான் பாரு, அளவு வெச்சாமாரி. மிஷினு புடிச்ச கை துளி ஆடல. யாருனு சொல்றா, அவன் கைக்கு ஒரு மோதரம் போடலாம்."

பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தையே பார்த்தான். மாமாவின் முகத்தில் கிண்டல் இல்லை. அப்புறம் அவன் மெதுவாக, "இவன்தான்" என்று பக்கத்தில் நின்ற அப்சலைக் காட்டினான். அப்சலின் வீட்டில் பஜாரில் பேன்சி ஸ்டோர் வைத்திருந்தார்கள். கடையில் இருக்கிற மிஷினை வைத்து நண்பர்களுக்கு அவனே வெட்டிவிடுவான்.

"இந்த மஞ்சளு எப்டிரா வருது?"

"மொதல்ல இருக்கற கருப்ப எடுக்கணும் மாமா." சார் அதற்குள் மாமா ஆகிவிட்டார். "மருந்து போட்டா மண்ட எரியும். பல்லக் கடிச்சுகினு ஒக்காந்துகினு இருப்போம்."

"பின்ன, பளிச்சுனு ஆவறதுனா சும்மாவா?" என்றார் மாமா. அப்படியே அவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்து, தன் பெல்பாட்டம் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தக் கதை எங்களுக்கு மனப்பாடம். அவருடைய வாலிபத்தில் ரோட்டைக் கூட்டுகிற பெல்பாட்டம் வைத்திருந்தாராம். பெண்கள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து சைக்கிளில் போயிருக்கிறார். பெல்பாட்டம் செயினில் மாட்டிக்கொண்டது. அத்தனை பெண்களுக்கும் முன்னால் குப்புற விழுந்தார். எழுந்ததும் முதலில் செய்தது என்ன தெரியுமா? சைக்கிளைத் தூக்கவில்லை, முட்டியைப் பார்க்கவில்லை, சீப்பை எடுத்துத் தலையை வாரினாராம். அதைப் பார்த்துச் சிரித்த பெண்களில் ஒருத்திதான் அத்தை.

அந்த வருஷம்தான் மாமாவுக்கு வேலையில் கடைசி வருஷம். மாசி போனால் ரிட்டையர்மெண்ட். எங்கள் ஊரில் ரிட்டையர்மெண்ட் என்றால் வேலை மட்டும் போவதில்லை, வீடும் போகும். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கட்டி வைத்த இடத்துக்கோ சொந்த ஊருக்கோ கிளம்பிவிட வேண்டும். மாமா கடலூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்திருந்தார். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. வருத்தம் வேறு ஒன்றில் இருந்தது.

வருஷா வருஷம் மைன்ஸில் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். பாட்டு, நாடகம், கோலம் எல்லாம் உண்டு. அவரவர் செக்‌ஷனில் பாடிக் காட்ட வேண்டும், தேறினால் பெரிய மேடை. மாமா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமும் மேடைக்குப் போனதில்லை. ஆறுதல் பரிசாக ஹாட் பாக்ஸ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் வீட்டுப் பரண் முழுக்க ஹாட் பாக்ஸ்கள். பிளாக்கில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் இட்லி எடுத்து வைக்க அங்கேதான் ஓடுவோம்.

"ஒரே ஒருவாட்டி மேடையில நின்னுகினு, நாலு பேரு கைதட்ட பாடிட்டேன்னு வெச்சுக்கோ, சந்தோசமா சாவிய குடுத்துட்டு கெளம்பிடுவேன்" என்று என்னிடம் வேலிக்கு மேலாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் பாட்டுக்குக் கொடுத்த தலைப்பு டூவீலர் ஹெல்மெட். மாமாவுக்கு அந்தப் பையன்களின் தலையை விட்டால் வேறென்ன தோன்றும்? ஷிப்ட் பஸ்ஸில் டிபன் கேரியரைத் தட்டித் தட்டிப் பாட்டுக் கட்டினார். பக்கத்து சீட்டில் அப்பா காதில் பஞ்சு வைக்காத குறைதான். ஆனாலும் கேட்டுக் கேட்டு அவருக்கே பாட்டு மனப்பாடமாகிவிட்டது. செக்‌ஷனில் பாடிக் காட்டிய கதையை அன்றைக்குச் சாயங்காலம் அப்பாதான் எங்களுக்கு அபிநயத்தோடு சொன்னார். மாமா வெங்காயத்தோல் நிறச் சட்டையில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, எடுத்த எடுப்பிலேயே:

"மஞ்ச மண்ட வர்றான் பாரு, வழிய வுடு!
மாஞ்சு மாஞ்சு சீவிகினான், மரியாத குடு!
எனக்குக் கம்பெனி குடுத்தது ஹெல்மெட்டு,
இவனுக்குத் தலையில மொளச்சது ஹெல்மெட்டு!"

கேட்டுக்கொண்டிருந்த ஆபீசர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். "ஏங்க, ஹெல்மெட் போடச் சொல்லிப் பாட்டுக் கேட்டா, முடிக்குக் கலர் அடிக்கச் சொல்லிப் பாடறீங்களே?"

"கடைசி சரணத்துல வரும் சார். ஹெல்மெட்டு அங்கதான் இருக்குது."

"அதுவரைக்கும் யாருங்க உக்காந்து கேப்பாங்க? அடுத்தது வாங்க."

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் மாமா இஸ்திரி போடாத சட்டையில் பஸ்ஸுக்கு நின்றார். கூலிங்கிளாஸும் இல்லை. அப்படி அவரைப் பார்த்தது அந்த ஒரு தரம்தான். பஸ்ஸில் ஏறும்போது அப்பா அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலம் வந்து, "அந்தாளு இன்னிக்கு ஒரு மாதிரி இருந்தான்" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் எப்படியோ பையன்கள் காதுக்குப் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்குள் நாலைந்து வண்டிகள் நுழைந்தன. ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. பையன்கள் நேராக மாமா வீட்டுக்குப் போனார்கள்.

"மாமா, எங்கள வெச்சி பாட்டு கட்னியாமே? பாடு மாமா" என்றான் கலை.

"அது தேறாத பாட்டுரா."

"நாங்களும் தேறாதவனுங்கதான். பாடு."

அத்தை பரணிலிருந்து ஒரு ஹாட் பாக்ஸை இறக்கிக் கொடுக்க, மாமா அதைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டு பாடினார். நான் வேலியோரம் நின்று கேட்டேன். 'கணுக்காலு காத்து வாங்குது பேண்ட்டுக்குள்ள, காதுமேல ரோடு போட்டான் முடிக்குள்ள' என்று வந்தபோது பையன்கள் போட்ட விசிலில் எதிர் வீட்டு நாய் ஓடியே போய்விட்டது. யாரும் அவர்களைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை போலிருக்கிறது. கலை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அப்சல் செல்போனில் பதிவு செய்துகொண்டு போய், பின்னால் ஏதோ டமடமவென்று சேர்த்து, நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான்.

அவ்வளவுதான். பொங்கலுக்குள் பாட்டு வடக்குத்தைத் தாண்டிவிட்டது. நான் வேலைக்குப் போகிற பண்ருட்டி பஸ்ஸில் பாடியது. பலாப்பழ மண்டி வாசலில் ஒரு மினி லாரியில் பாடியது. ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் தோழர்கள் அதற்கு ஆடியதை நானே பார்த்தேன். கட்டியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. நான் ஓடிவந்து மாமாவிடம் சொல்வேன். சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வார். கடைசியில், "அவங்க பாடறாங்க. நான் எங்க பாடனேன்?" என்பார்.

அந்த மேடை ஆசை அப்படியே இருந்தது. ரிட்டையர்மெண்டும் வந்துவிட்டது.

ரிட்டையர் ஆகிறவரை கடைசி ஷிப்ட் முடிந்ததும் மாலை போட்டு, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வீடு வரைக்கும் ஊர்வலமாகக் கொண்டு வந்து விடுவது எங்கள் ஊர் வழக்கம். பிளாக் முனையில் பஸ்ஸை நிறுத்தி, வெடி போட்டு, அங்கிருந்து நடத்திக் கூட்டி வருவார்கள். மாமாவுக்கு அடுத்து கேங்கில் மூத்தவர் என்பதால் ஏற்பாடெல்லாம் அப்பா தலையில். கலையும் அப்சலும் அவரைத் தேடி வந்தார்கள். அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"குட்டி யானை வண்டியில ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டி எடுத்துகினு வர்றோம் சார். மாமா மைக் புடிச்சி பாடிகினு வரட்டும். அதான் மேட" என்றான் கலை.

அப்பா இருவர் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மாட்டேன் என்றால் அதோடு சரி, மாமாவுக்கு இனிமேல் மேடையே கிடையாது.

"வாங்க" என்றார் அப்பா. "ஆனா ஆபீசருங்க வருவாங்க. குடும்பம் குட்டி எல்லாம் நிக்கும். இந்தக் கோலத்துல வந்து நிக்கக் கூடாது. மனுசனாட்டம் வரணும்."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரிங்க சார்" என்றான் கலை.

அந்த நாள் நல்ல வெயில். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து பஸ் வந்து நின்றது. அத்தை பட்டுப்புடவையில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். பாட்டை நிறுத்திய அதே ஆபீசர், பாவம், கையில் பெரிய மாலையோடு தன் காரிலிருந்து இறங்கினார். கேங் ஆட்கள் ஹெல்மெட்டோடு இறங்கினார்கள். கடைசியாக மாமா இறங்கினார். மைன்ஸில் தன் காக்கியையும் ஹெல்மெட்டையும் ஒப்படைத்துவிட்டு, இதற்காகவே தைத்து வைத்திருந்த சட்டையில் வந்திருந்தார். பளபளவென்று தங்க மஞ்சள் சட்டை, அதற்கு மஞ்சளிலேயே பட்டன். படியில் நின்றபடி கூலிங்கிளாஸைச் சரி செய்துகொண்டு எல்லாரையும் பார்த்தார். சிரித்தார். பிறகு குட்டி யானை பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வரிசையாகப் பையன்கள் நின்றார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தலை கருகருவென்று, எண்ணெய் வைத்த மாதிரி படிந்து வாரியிருந்தது. கலையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மஞ்சளை மறைக்க, பொட்டலத்தில் விற்கிற கருப்புச் சாயப்பொடியைக் காலையில்தான் குழைத்துப் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"என்னாடா இது?" என்றார் மாமா. "யாரு செத்தா?"

"உனக்காகத்தான் மாமா. மரியாதையா வந்துருக்கோம்."

மாமா பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாலை போடக் காத்திருந்த ஆபீசர் முழித்தார். அத்தை தட்டோடு பக்கத்தில் வந்தாள். "எழுந்து வாங்க. எல்லாரும் நின்னுகினு இருக்காங்க."

"நான் எப்டிடீ பாடுவேன்? மஞ்ச மண்ட வர்றான் பாருன்னு பாடணும். யாரு வர்றா? எங்க மஞ்ச? ஒரு தலகூட இல்லியே. இவனுங்கள இப்டி நிக்க வெச்சிட்டு நான் பளிச்சுனு போயி பாடனா, அது பாட்டா?" கூலிங்கிளாஸைக் கழற்றினார். "வேணாம். வூட்டுக்குப் போலாம். பாட்டு வேணாம்."

கலை தலையைக் குனிந்துகொண்டான். கழுத்தில் வியர்வை கருப்பாக இறங்கியது. மனுசனாட்டம் வரச் சொன்னது யார் என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

அப்பா ஒரு கையில் டிபன் கேரியர், ஒரு கையில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். நெற்றியைச் சுருக்கி மாமாவைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார். அப்புறம் டிபன் கேரியரை என்னிடம் நீட்டிவிட்டு, விறுவிறுவென்று கலையிடம் போனார். தன் மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தார். பட்டையைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டினார்.

"இந்தாய்யா உன் மஞ்ச மண்ட" என்று மாமாவிடம் சொன்னார். பிறகு பையனிடம், "பத்திரம். நாளைக்கு ஷிப்டுக்கு வேணும்" என்றார்.

அப்புறம் கேங் முழுவதும் பாய்ந்தது. ஆளுக்கொரு தலையைப் பிடித்து ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்கள். வெள்ளை வேட்டிக்கு மேல் வரிசையாக மஞ்சள் மண்டைகள். மாமா எழுந்தார். எழுந்ததும் முதலில் என்ன செய்தார் என்று உங்களுக்கே தெரியும். சீப்பை எடுத்துத் தலையை வாரினார்.

வண்டியில் ஏறி மைக்கைப் பிடித்தார். அப்சல் பாட்டைத் தட்டிவிட்டான். "மஞ்ச மண்ட வர்றான் பாரு, வழிய வுடு!" என்று அவர் எடுத்தபோது, அன்றைக்குச் சாத்திக்கொண்ட ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. இதுவரை பஸ்ஸிலும் கல்யாணத்திலும் கேட்ட பாட்டு நம் பிளாக்குக்காரர் கட்டியதா என்று ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள். பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். கேங் ஆட்கள் டிபன் கேரியரைத் தட்டினார்கள். அத்தை ஆரத்தித் தட்டோடு ஒரு சுற்றுச் சுற்றினாள், கற்பூரம் அணைந்தது கூடத் தெரியாமல். நான் ஆடினேனா என்று கேட்காதீர்கள். மயில்கழுத்து சுடிதாரில்தான் இருந்தேன்.

மாமா கடைசி சரணம் வரைக்கும் பாடினார். இந்த முறை யாரும் கையைத் தூக்கவில்லை.

"ஆச ஆசயா வளத்த மண்ட, அலுங்காம போ,
ஹெல்மெட்டப் போட்டுகினு ஸ்டைலாவே போ!
வூட்டுல கண்ணாடி காத்துகினு கெடக்குது,
மண்டயோட வந்து சேரு, பாத்துக்கோ!"

ஆபீசர் மாலையைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி சரணம் நல்லாத்தாங்க இருக்கு" என்றார்.

"மொதல் சரணமும் நல்லாத்தான் சார் இருக்கும். நீங்க வுட்டுருந்தா" என்றார் மாமா. இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் மாமா குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். சொன்னது போலவே சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார். எங்களுக்கு இரண்டு ஹாட் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அப்பாவும் ரிட்டையராகி நாங்களும் வடக்குத்துப் பக்கம் வீடு கட்டி வந்துவிட்டோம். மாமாவைக் கல்யாணங்களில் எப்போதாவது பார்ப்பதோடு சரி. பார்த்தால் முதலில் என் புடவையைத்தான் விசாரிப்பார். ஆனால் அவரை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு நினைவு வருவது ஊர்வலத்துக்கு மறுநாள்தான். அன்றைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

அன்று அப்பா முதல் ஷிப்ட் போய்விட்டு மத்தியானம் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். அம்மா அவரைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கலையின் தலையிலிருந்து வழிந்த சாயம் ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருந்திருக்கிறது. வெயிலில் வியர்த்து வியர்த்து, அது அப்பாவின் வெள்ளை முடியில் இறங்கிவிட்டது. பஞ்சு போன்ற தலையில், இரண்டு காதுக்கு மேலும் நெற்றியோரத்திலும் திட்டுத் திட்டாகக் கருப்பு. கேங் முழுக்க அன்றைக்கு அப்படித்தான் வந்து இறங்கியிருக்கிறது.

வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். அப்பா நேராகக் குளியலறைப் பக்கம் போனார். தண்ணீர் விழும் சத்தம் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. எட்டிப் பார்த்தோம். ரசம் போன அந்தக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலையை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். என் சீப்பை எடுத்து, காதோரத்துக் கருப்பை நிதானமாகப் பின்னால் தள்ளி வாரினார். வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வூட்டுல கண்ணாடி காத்துகினு கெடக்குது.

நாங்கள் நிற்பதைக் கண்ணாடியிலேயே பார்த்துவிட்டார். திரும்பவில்லை. வாருவதையும் நிறுத்தவில்லை.

"ஏம்மா" என்று என்னைக் கேட்டார், "பளிச்சுனு இருக்கா?"